தீவிரப்போக்கு: ஆய்வுகள் கண்டதும் அரசுகள் கொண்டதும்

இலங்கையின் மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளம் ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாஃப் ஜஸீம், 2020ஆம் ஆண்டு மே மாதம் அந்நாட்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அவர் தமிழில் எழுதி வெளியிட்டிருந்த 'நவரசம்' என்னும் கவிதைத் தொகுப்பு மதத் தீவிரவாதத்தைத் தூண்டுவதாக அதிகாரிகள் கூறினர். ஆனால் அத்தொகுப்பைத் தமிழில் படித்தவர்களும், பின்னர் செய்யப்பட்ட சுயாதீன மொழிபெயர்ப்புகளும், அக்கவிதைகளுள் பல வன்முறைக்கும் கடும்போக்குக்கும் எதிரானவை என்பதை எடுத்துக்காட்டின. ஒன்றரை ஆண்டுகளுக்கும் மேலாகத் தடுப்புக்காவலில் இருந்த அவருக்கு 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

இந்த வழக்கின் அடியில் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. ஒருவர் எழுதுவதையும் பேசுவதையும், உடுப்பதையும் தொழுவதையும் கொண்டு, அவர் நாளை வன்முறையில் இறங்குவாரா என்று முன்கூட்டியே அறிய முடியுமா? முடியும் என்ற நம்பிக்கையின் மீதுதான் கடந்த இருபது ஆண்டுகளில் பல நாடுகள் தமது சட்டங்களையும் திட்டங்களையும் அமைத்திருக்கின்றன. ஆனால் அரசியல் மற்றும் மதத் தீவிரப்போக்கை அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்துவரும் அறிஞர்கள் தரும் விடை அவ்வளவு எளிதானதாக இல்லை.

சொல்லும் பொருளும்

தீவிரப்போக்கைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'ராடிகல்' என்ற சொல், 'வேர்' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் வாக்குரிமையை விரிவுபடுத்தக் கோரியவர்களே அப்பெயரால் அழைக்கப்பட்டனர். 1819ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் தேதி, மான்செஸ்டர் நகரின் செயின்ட் பீட்டர்ஸ் திடலில் அமைதியாகக் கூடியிருந்த அவர்கள் மீது குதிரைப்படை பாய்ந்ததில் பலர் கொல்லப்பட்டனர். 1838இல் வெளியான மக்கள் சாசனம் ஆறு கோரிக்கைகளை முன்வைத்தது. ஆண்டுதோறும் நாடாளுமன்றத் தேர்தல் நடத்த வேண்டும் என்ற ஒன்றைத் தவிர ஏனைய ஐந்தும் பிற்காலத்தில் சட்டமாயின. ஒரு தலைமுறையின் தீவிரவாதம், மற்றொரு தலைமுறையின் அரசியல் சட்டமாக மாறியது.

தமிழிலும் இச்சொல்லுக்கு இதே போன்ற ஒரு வரலாறு உண்டு. 1907ஆம் ஆண்டு சூரத் மாநாட்டில் இந்திய தேசிய காங்கிரஸ் மிதவாதிகள், தீவிரவாதிகள் என இரண்டாகப் பிளந்தபோது, வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய பாரதியும் திலகரின் தலைமையிலான தீவிரவாதிகள் பக்கம் நின்றனர். அன்று அச்சொல் கொள்கையில் சமரசம் செய்யாதவரைக் குறித்தது. இன்று தமிழ்ச் செய்திகளில் அதே சொல் துப்பாக்கி ஏந்தியவரைக் குறிக்கிறது. 'தீவிரவாதம்', 'பயங்கரவாதம்' என்ற இரண்டையும் ஒரே பொருளில் எழுதும் வழக்கமும் பரவியுள்ளது.

ஆய்வாளர்கள் இவற்றைப் பிரித்தே பார்க்கின்றனர். இருக்கும் அமைப்பை வேரோடு மாற்ற வேண்டும் என்பது தீவிரப்போக்கு. அதற்கு வன்முறை தேவையில்லை. மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை என மறுப்பது கடும்போக்கு. அரசியல் நோக்கத்திற்காகப் பொதுமக்களை அச்சுறுத்தும் வன்முறையைக் கையாள்வது பயங்கரவாதம். இறுதியாகக் குறிப்பிட்ட சொல்லுக்கு உலக நாடுகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட வரையறை இன்றுவரை உருவாகவில்லை. தென்னாப்பிரிக்காவின் முன்னாள் அதிபர் நெல்சன் மண்டேலா, நோபல் அமைதிப் பரிசு பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே, 2008ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

நோயைத் தேடியவர்கள்

தீவிரப்போக்கு பற்றிய தொடக்ககால ஆய்வுகள் அதன் காரணத்தை மனிதரின் உள்ளே தேடின. நாஜிகளின் கொடுமைகளுக்குப் பின், தியோடர் அடோர்னோ உள்ளிட்ட அறிஞர்கள் 1950இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'அதிகாரத்துவ ஆளுமை' என்ற ஆய்வு நூல், பாசிசத்தின் பக்கம் சாயும் மனநிலையை வினாப்பட்டியல் ஒன்றின் மூலம் அளக்க முயன்றது.

இத்தேடல் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு மேற்கு ஜெர்மனியில் ஒரு சான்று உண்டு. செம்படைப் பிரிவு என்ற இடதுசாரி ஆயுதக் குழுவின் நிறுவனர்களுள் ஒருவரான உல்ரிக்க மைன்ஹோஃப், 1976ஆம் ஆண்டு மே மாதம் ஸ்டுட்கார்ட் நகரின் ஸ்டாம்ஹைம் சிறையில் இறந்தார். உடற்கூற்றுப் பரிசோதனையின்போது அவரது மூளை தனியே எடுக்கப்பட்டு, குடும்பத்தினருக்குத் தெரியாமல் ஆய்வுக்காகப் பாதுகாக்கப்பட்டது. இத்தகவல் 2002ஆம் ஆண்டில்தான் வெளியே வந்தது. புகழ்பெற்ற பத்திரிகையாளராக இருந்த ஒருவர் ஆயுதம் ஏந்தியதற்கு, 1962இல் அவருக்குச் செய்யப்பட்ட மூளை அறுவைச் சிகிச்சை காரணமாக இருக்குமா என்று மருத்துவர்கள் ஆராய்ந்தனர்.

ஆனால் 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வுலகம் வேறு முடிவுக்கு வரத் தொடங்கியிருந்தது. பயங்கரவாதத்தின் காரணங்கள் குறித்து 1981இல் கட்டுரை எழுதிய அமெரிக்க அரசியல் அறிஞர் மார்த்தா கிரென்ஷா, இத்தகையோரிடம் பொதுவாகக் காணப்படுவது மனநோய் அல்ல, அவர்கள் இயல்பான மனிதர்களாக இருப்பதே என்ற கருத்தை முன்வைத்தார்.

எகிப்தின் சமூகவியலாளர் சாத் எத்தீன் இப்ராஹிம், 1970களின் பிற்பகுதியில் கெய்ரோ சிறைகளுக்குள் சென்று, இஸ்லாமிய ஆயுதக் குழுக்களைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்டோரிடம் நீண்ட பேட்டிகள் எடுத்தார். 1980இல் வெளியான அவரது முடிவுகள் பலரையும் வியக்க வைத்தன. அந்த இளைஞர்களில் பெரும்பாலானோர் சிதைந்த குடும்பங்களிலிருந்தோ சேரிகளிலிருந்தோ வந்தவர்கள் அல்லர். சிற்றூர்களிலிருந்து பெருநகருக்கு வந்து, நல்ல மதிப்பெண்களுடன் மருத்துவமும் பொறியியலும் பயின்றவர்கள். பாசமான குடும்பங்களில் வளர்ந்தவர்கள்.

சிறைக்கைதிகளை ஆராய்ந்த இப்ராஹிம் 2000ஆம் ஆண்டில் தாமே கைதியானார். தேர்தல் முறைகேடுகளையும் ஆட்சியையும் விமர்சித்து வந்த அவருக்கு, ஹொஸ்னி முபாரக் அரசின் கீழ் ஏழு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2003இல் உயர் முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆயுதக் குழுக்களை ஆராய்பவரும் அரசை விமர்சிப்பவரும் அவற்றில் சேர்ந்தவரும் ஒரே பட்டியலில் வைக்கப்படும் அபாயத்திற்கு அவரது வாழ்க்கையே எடுத்துக்காட்டு.

வறுமையும் கல்வியும்

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின்னர், வறுமையும் கல்வியின்மையுமே பயங்கரவாதத்தின் வேர்கள் என்று உலகத் தலைவர்கள் பலர் கூறிவந்தனர். பொருளாதார அறிஞர்கள் ஆலன் குரூகரும் யித்கா மலெச்கோவாவும் இதைப் புள்ளிவிவரங்களைக் கொண்டு சோதித்தனர். லெபனானில் 1980களிலும் 90களின் முற்பகுதியிலும் உயிரிழந்த 129 ஹெஸ்பொல்லா உறுப்பினர்களின் விவரங்களை, அதே வயதையும் பகுதியையும் சேர்ந்த மக்களின் விவரங்களுடன் அவர்கள் ஒப்பிட்டனர். பொதுமக்களில் 33 சதவீதத்தினர் வறுமையில் இருந்தபோது, ஹெஸ்பொல்லாவினரில் வறியோர் 28 சதவீதமாகவே இருந்தனர். இடைநிலைக் கல்வியோ அதற்கு மேற்பட்ட கல்வியோ பெற்றவர்களின் விகிதம் ஹெஸ்பொல்லாவினரிடையே கூடுதலாக இருந்தது.

சமூகவியலாளர்கள் டியேகோ கம்பெட்டாவும் ஸ்டெஃபன் ஹெர்டோகும் மற்றொரு விசித்திரமான உண்மையைக் கண்டனர். இஸ்லாமிய ஆயுதக் குழுக்களில் பட்டம் பெற்றவர்களை எடுத்துக்கொண்டால், பொறியியல் பயின்றோர் எதிர்பார்க்கக்கூடியதை விடப் பன்மடங்கு அதிகமாக இருந்தனர். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்காத நாடுகளில் இப்போக்கு வலுவாகவும், பொறியாளர்களுக்கு வேலைவாய்ப்பு தாராளமாக இருந்த சவூதி அரேபியாவில் பலவீனமாகவும் காணப்பட்டது. ஏழ்மையை விட, உழைத்துப் பெற்ற தகுதி மதிக்கப்படவில்லை என்ற ஏமாற்றம் கூர்மையானது என்பது இதன் பொருள். வேலையற்ற பட்டதாரிகளையும், உயர்கல்விக்கான வாய்ப்பு தரப்படுத்தல் முறையால் பறிபோனதாக உணர்ந்த 1970களின் யாழ்ப்பாண மாணவர்களையும் அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இது விளங்காத செய்தியல்ல.

எனினும், உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இதே ஏமாற்றத்துடன் வாழ்கின்றனர். அவர்களில் மிகச் சிலரே ஆயுதம் ஏந்துகின்றனர். மனக்குறை மட்டும் போதுமானதாக இருந்திருந்தால், எண்ணிக்கை இவ்வளவு சிறியதாக இருந்திருக்காது.

நண்பர்கள் வழியே

இந்த இடைவெளியை விளக்குவதில் இத்தாலிய சமூகவியலாளர் டொனதெல்லா டெல்லா போர்ட்டாவின் ஆய்வுகள் முக்கியமானவை. 1970களில் செயல்பட்ட செம்படையணி உள்ளிட்ட இத்தாலியக் குழுக்களின் உறுப்பினர்களது வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த அவர், பெரும்பாலானோர் ஏற்கனவே அக்குழுவில் இருந்த நண்பர் ஒருவர் மூலமாகவே உள்ளே வந்தனர் என்பதைக் கண்டறிந்தார். காவல்துறையின் கடும் அடக்குமுறை, ஊர்வலத்துக்கு வந்தவர்களைத் தலைமறைவு வாழ்க்கையை நோக்கித் தள்ளியதையும் அவர் பதிவு செய்தார்.

அமெரிக்க உளவுத்துறையில் பணியாற்றியவரும் மனநல மருத்துவருமான மார்க் சேஜ்மன், 2004இல் வெளியிட்ட நூலில், அல் கைதாவுடன் தொடர்புடைய 172 பேரின் வரலாறுகளை ஆராய்ந்தார். போதிய தகவல் கிடைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்கனவே இருந்த நட்பின் வழியாகவே அந்த வலையமைப்புக்குள் நுழைந்திருந்தனர். மூளைச்சலவை செய்யப்பட்டவர்கள் என்ற சித்திரம் அவரது தரவுகளுடன் பொருந்தவில்லை.

2004ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி மாட்ரிட் ரயில்களில் குண்டுவைத்தவர்களின் பின்னணியை மானுடவியலாளர் ஸ்காட் அட்ரான் நேரில் சென்று ஆராய்ந்தார். சில வாரங்களுக்குப் பின் காவல்துறை சுற்றிவளைத்தபோது, ஏழு பேர் ஒரு குடியிருப்பில் தம்மைத் தாமே வெடிக்க வைத்து உயிர்விட்டிருந்தனர். அவர்களில் ஐவர் மொராக்கோவின் தெத்துவான் நகரில் ஒரே குடியிருப்புப் பகுதியில் வளர்ந்தவர்கள். கொள்கைக்காகச் சாவதாகச் சொல்பவர்களும், நடைமுறையில் ஒருவருக்காக ஒருவர் சாகின்றனர் என்பது அட்ரானின் முடிவு.

மதமா, அரசியலா?

அமெரிக்க அரசியல் அறிஞர் டேவிட் ராப்பப்போர்ட், நவீன பயங்கரவாதத்தை நான்கு அலைகளாகப் பிரித்தார். 1880களில் ரஷ்யாவில் தொடங்கிய அராஜகவாத அலை, 1920களின் காலனி எதிர்ப்பு அலை, 1960களின் புதிய இடதுசாரி அலை, 1979இல் ஈரானியப் புரட்சியுடன் எழுந்த மத அலை என்பன அவை. ஒவ்வோர் அலையும் ஏறத்தாழ ஒரு தலைமுறை அல்லது சற்று அதிக காலம் நீடித்துத் தணிந்தது. வன்முறை எந்தவொரு மதத்திற்கோ கொள்கைக்கோ நிரந்தர உடைமை அல்ல என்பதை இந்தக் காலவரிசை நினைவூட்டுகிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் மார்ட்டியும் ஸ்காட் ஆப்பிள்பியும் 1987இல் தொடங்கி வழிநடத்திய அடிப்படைவாத ஆய்வுத் திட்டம், 1991 முதல் 1995 வரை ஐந்து பெருந்தொகுதிகளை வெளியிட்டது. கிறிஸ்தவம், இஸ்லாம், யூதம், இந்து, சீக்கியம், பௌத்தம் ஆகிய மரபுகளில் எழுந்த இயக்கங்களை ஒன்றுக்கொன்று ஒப்பிட்ட அத்தொகுதிகள், இவை பழமையின் எச்சங்கள் அல்ல என்று காட்டின. மரபிலிருந்து தமக்கு வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்து, நவீன உலகுடன் போராட நவீன கருவிகளையே கையாள்பவை அவை.

2005இல் வெளியான ராபர்ட் பேப்பின் நூல் தமிழர்களை நேரடியாகத் தொட்டது. 1980 முதல் 2003 வரை உலகில் நிகழ்ந்த 315 தற்கொலைத் தாக்குதல்களைத் தொகுத்த இந்த சிகாகோ பேராசிரியர், அவற்றில் 76 தாக்குதல்களை விடுதலைப் புலிகள் நடத்தியதாகக் கணக்கிட்டார். வேறெந்த அமைப்பின் எண்ணிக்கையும் இவ்வளவு இல்லை. மதச்சார்பற்ற அமைப்பு ஒன்று முதலிடத்தில் இருந்ததால், தற்கொலைத் தாக்குதலின் அடிப்படைக் காரணம் மதம் அல்ல, தமது மண்ணை அந்நியப் படை ஆக்கிரமித்திருப்பதாக ஒரு மக்கள் கூட்டம் கருதுவதே என்று அவர் வாதிட்டார்.

இவ்வாதம் கடும் விமர்சனத்திற்கும் உள்ளானது. தாக்குதல் நடந்த இடங்களை மட்டுமே எடுத்துக்கொண்டு, ஆக்கிரமிப்பு இருந்தும் அத்தகைய தாக்குதல் நடக்காத இடங்களை விட்டுவிட்டால், காரணத்தை நிறுவ முடியாது என்று வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். இராக்கிலும் பாகிஸ்தானிலும் சக முஸ்லிம்களின் மசூதிகளையும் சந்தைகளையும் குறிவைத்து நடந்த தாக்குதல்களை அவரது கோட்பாடு போதிய அளவு விளக்கவில்லை என்றும் கூறப்பட்டது.

இதே விவாதம் பிரான்சில் வேறு வடிவம் எடுத்தது. 2015 நவம்பர் 13ஆம் தேதி பாரிஸில் 130 பேர் கொல்லப்பட்ட பின், அறிஞர் ஒலிவியே ருவா, இது இஸ்லாம் தீவிரமயமானது அல்ல, ஏற்கனவே தீவிரமடைந்த இளைஞர் கலகம் இஸ்லாமியப் போர்வையை அணிந்துகொண்டது என்றார். சமயக் கோட்பாடுகளையும் சலஃபி போதனையின் பரவலையும் ஒதுக்கிவிட்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது என்று ஜில் கெப்பல் மறுத்தார். காலனியாதிக்கத்தின் வடுக்களையும் மத்திய கிழக்கில் மேற்குலகின் தலையீடுகளையும் இருவருமே குறைத்து மதிப்பிடுவதாக ஃபிரான்சுவா பூர்கா குறை கூறினார். இம்மூவரில் யாரும் முழுமையாக வெல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரே நிகழ்வின் வெவ்வேறு பக்கத்தைக் காட்டினர் எனக் கொள்வதே பொருத்தமாக இருக்கும்.

கருத்து வேறு, செயல் வேறு

உளவியலாளர்கள் கிளார்க் மெக்காலியும் சோஃபியா மொஸ்கலென்கோவும் இத்துறைக்குத் தெளிவான ஒரு வேறுபாட்டைத் தந்தனர். கருத்துக்கு ஒரு கூம்பு, செயலுக்கு மற்றொரு கூம்பு என இரண்டை அவர்கள் வரைந்தனர். தீவிரக் கருத்துடைய மிகப் பெரும்பாலானோர் வன்முறைச் செயலில் இறங்குவதே இல்லை. செயலில் இறங்கியவர்களில் பலர், நண்பருக்காகவோ பழிவாங்கவோ சாகசத்தை நாடியோ வந்தவர்கள். கொள்கையை அவர்கள் பின்னரே கற்றுக்கொண்டனர்.

அரசுகளோ முதல் கூம்பைப் பார்த்து இரண்டாவதைக் கணிக்க முயன்றன. நியூயார்க் காவல்துறை 2007இல் வெளியிட்ட அறிக்கை, தீவிரமயமாதலை நான்கு படிகளாக விவரித்தது. புகைபிடிப்பதையும் மது அருந்துவதையும் கைவிடுவது, தாடி வளர்ப்பது, மரபான இஸ்லாமிய உடை அணிவது போன்றவையும் அதில் அறிகுறிகளாக இடம்பெற்றன. இதே காலத்தில் அக்காவல்துறையின் சிறப்புப் பிரிவு ஒன்று முஸ்லிம்களின் மசூதிகளையும் உணவகங்களையும் மாணவர் சங்கங்களையும் கண்காணித்து வந்தது. அப்பிரிவின் பணியிலிருந்து பயங்கரவாத விசாரணைக்கான துப்பு எதுவும் கிடைக்கவில்லை என்று மூத்த அதிகாரி ஒருவர் 2012இல் வாக்குமூலம் அளித்தார். 2014இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது. 2016இல் எட்டப்பட்ட வழக்குச் சமரசத்தின்படி அந்த அறிக்கையும் விலக்கிக்கொள்ளப்பட்டது.

இத்தகைய கணிப்புகள் ஏன் தவறுகின்றன என்பதை எளிய கணக்கு ஒன்றின் மூலம் காணலாம். பத்து லட்சம் பேர் வாழும் ஒரு சமூகத்தில் 100 பேர் வன்முறையில் இறங்கக்கூடியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 99 முறை சரியாகக் கணிக்கும் ஒரு சோதனையும் நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். அது 99 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். அதே சமயம், ஏனைய 9,99,900 பேரில் ஒரு சதவீதத்தினரை, அதாவது 9,999 நிரபராதிகளையும் சேர்த்துக் காட்டும். சந்தேகத்திற்கு உள்ளாகும் ஒவ்வொரு நூறு பேரிலும் 99 பேர் ஒன்றுமறியாதவர்கள். உலகில் எந்த அரசிடமும் அவ்வளவு துல்லியமான சோதனை கிடையாது என்பதையும் கருத வேண்டும்.

பிரிட்டனில் 'பிரிவென்ட்' என அழைக்கப்படும் தடுப்புத் திட்டம், 2003இல் வகுக்கப்பட்ட பயங்கரவாத எதிர்ப்பு உத்தியின் ஒரு பகுதியாகும். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பள்ளிகள், பல்கலைக்கழகங்கள், மருத்துவ அமைப்புகள் ஆகியவற்றுக்கு இதில் சட்டபூர்வக் கடமை உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 மார்ச்சுடன் முடிந்த ஓராண்டில் 6,922 பேர் குறித்து முறையிடப்பட்டது. இஸ்லாமியக் கடும்போக்கு தொடர்பானவை இவற்றில் 13 சதவீதம். தீவிர வலதுசாரிப் போக்கு தொடர்பானவை 19 சதவீதம். திட்டவட்டமான கொள்கை எதுவும் காணப்படாதவர்களே மிகப் பெரிய பிரிவினர். 2024 ஜூலையில் சவுத்போர்ட் நகரின் நடன வகுப்பில் மூன்று சிறுமிகளைக் கொன்ற இளைஞர், அதற்கு முன்னர் மூன்று முறை இத்திட்டத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். அவரிடம் தெளிவான கொள்கை எதுவும் தென்படவில்லை எனக் கருதப்பட்டு அந்தக் கோப்புகள் மூடப்பட்டிருந்தன. வன்முறையில் அவருக்கு இருந்த ஈடுபாட்டைக் கவனித்திருக்க வேண்டிய அமைப்பு, அவரது கொள்கை என்ன என்று தேடிக்கொண்டிருந்தது.

இதை வைத்து இத்தகைய திட்டங்கள் அனைத்தும் பயனற்றவை என்று கூறிவிட முடியாது. ஆபத்தான பாதையில் சென்ற இளைஞர்களை ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும் உரிய நேரத்தில் திருப்பிய நிகழ்வுகள் உண்டு என அவற்றின் ஆதரவாளர்கள் கூறுகின்றனர். நடக்காமல் போன ஒரு தாக்குதலைக் கணக்கில் காட்டுவது கடினம் என்பதும் உண்மையே.

இலங்கையின் அனுபவம்

2009 மே மாதம் போர் முடிந்த பின்னர், விடுதலைப் புலிகளின் முன்னாள் உறுப்பினர்கள் எனக் கூறப்பட்ட 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இலங்கை அரசின் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டனர். உளவியலாளர் ஆரி குருக்லான்ஸ்கியும் அவரது குழுவினரும் அவர்களிடையே ஆய்வு நடத்தினர். தமது வாழ்வுக்கு மதிப்பும் பொருளும் வேண்டும் என்ற தாகமே மனிதரைத் தீவிரப்போக்கை நோக்கி இழுக்கிறது என்பது அவரது கோட்பாடு. தொழிற்பயிற்சி, கல்வி போன்றவற்றின் மூலம் அம்மதிப்பை வேறு வழியில் பெற்றவர்களிடம் கடும்போக்கு குறைந்ததாக அக்குழு முடிவு வெளியிட்டது.

ஆனால் நீதிமன்ற விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டிருந்தவர்கள், தமது விடுதலையைத் தீர்மானிக்கும் அரசின் முகாமுக்குள் இருந்தபடி நிரப்பிய வினாப்பட்டியல்கள் அவை. அங்கு ஒருவர் தனது உண்மையான கருத்தைச் சொல்வாரா என்ற ஐயம் இயல்பாகவே எழுகிறது. அந்தத் தடுத்துவைப்பின் சட்டபூர்வத் தன்மையையே மனித உரிமை அமைப்புகள் கேள்விக்குள்ளாக்கின. பயங்கரவாதம் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை நேரடிச் சான்றுகளைத் திரட்டாமல் பிறர் எழுதியவற்றையே சார்ந்திருப்பதாக உளவியலாளர் ஆண்ட்ரூ சில்க் 2001இல் எச்சரித்திருந்தார். அதன் பின்னர் நேரடித் தரவுகள் பெருகின. ஆனாலும் அந்தத் தரவு எங்கே, யார் முன்னிலையில் பெறப்பட்டது என்ற கேள்வி நீடிக்கிறது.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பலியானோரில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கணிசமானோர். தாக்கியவர்களில் இருவர் கொழும்பின் செல்வந்த வணிகக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த சகோதரர்கள். வறுமைக் கோட்பாடு இங்கும் பொருந்தவில்லை; உறவும் நட்பும் பற்றிய கண்டறிதல் பொருந்தியது. தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிம் பற்றி, அவரது சொந்த ஊரான காத்தான்குடியின் முஸ்லிம்களே பல ஆண்டுகளுக்கு முன்பிருந்து அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். 2017இல் அவரது குழுவினர் அங்கு வன்முறையிலும் ஈடுபட்டிருந்தனர். தாக்குதல் குறித்து வெளிநாட்டு உளவுத் தகவலும் முன்கூட்டியே கிடைத்திருந்தது. குறிப்பிட்ட ஒருவரின் குறிப்பிட்ட செயல்கள் பற்றிய எச்சரிக்கைகள் கவனிக்கப்படாமல் கிடந்தன.

தாக்குதலுக்குப் பின் அரசு வேறு திசையில் நடந்தது. மதக் கடும்போக்குக் கருத்து உடையவர் எனச் சந்தேகிக்கப்படுபவரை, குற்றத்தை நிரூபிக்காமலேயே புனர்வாழ்வுக்கு அனுப்ப வழிசெய்யும் ஒழுங்குவிதிகள் 2021 மார்ச்சில் வெளியிடப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. 'நவரசம்' கவிஞர் காவலில் இருந்த காலமும் இதுவே.

எப்படி முடிகிறது?

ஆயுதக் குழுக்கள் எப்படி முடிவுக்கு வருகின்றன என்பதை அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2008இல் ஆராய்ந்தது. 1968 முதல் 2006 வரை இயங்கிய 648 குழுக்களில், முடிவுக்கு வந்த 268 குழுக்களை எடுத்துக்கொண்டால், 43 சதவீதம் அரசியல் வழிக்குத் திரும்பின. 40 சதவீதம் காவல்துறை, உளவுத்துறை நடவடிக்கைகளால் முடிந்தன. 10 சதவீதம் தமது இலக்கை அடைந்தன. இராணுவ பலத்தால் முடிவுக்கு வந்தவை 7 சதவீதம் மட்டுமே. அவ்வறிக்கை வெளியாகி ஓராண்டு கழியுமுன், இலங்கையில் நடந்தது அந்த ஏழு சதவீத வகையைச் சேர்ந்தது.

தனிமனிதர் திரும்பி வருவதைப் பொறுத்தவரை, உளவியலாளர் ஜான் ஹோர்கன் இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறார். வன்முறையிலிருந்து விலகுவது ஒன்று. கருத்தை மாற்றிக்கொள்வது மற்றொன்று. பலர் கருத்தை மாற்றாமலேயே வன்முறையைக் கைவிடுகின்றனர். எகிப்தின் காமா இஸ்லாமியா அமைப்பு 1997இல் வன்முறையைக் கைவிடுவதாக அறிவித்தபோது, அதன் உறுப்பினர்கள் தமது மத நம்பிக்கையைக் கைவிட்டுவிடவில்லை. ஒரு சமூகம் பாதுகாப்பாக இருப்பதற்கு முதலாவது நிலை தேவை. இரண்டாவதைக் கட்டாயப்படுத்த முற்படும்போது, அரசு மனிதரின் மனத்துக்குள் நுழைகிறது.

புலம்பெயர்ந்து வாழும் தமிழர்களுக்கு இந்த வேறுபாடு ஏட்டளவிலான ஒன்றல்ல. விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997இலும், பிரிட்டன் 2001இலும், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006இலும் தடை செய்தன. அதன் பின், தனிநாட்டுக் கோரிக்கையை அமைதி வழியில் ஆதரிப்பவர், போரில் இறந்த பிள்ளைக்கு விளக்கேற்றுபவர், ஆயுதத்துக்குப் பணம் திரட்டியவர் ஆகிய மூவருக்கும் இடையில் கோடு எங்கே விழுகிறது என்ற கேள்வியுடன் நமது குடும்பங்கள் பல வாழ்ந்திருக்கின்றன. இதே கேள்வியுடன் இன்று ஐரோப்பாவின் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கின்றன. தமது அனுபவத்தில் அறிந்த அநீதியைப் பிறர் மீது சுமத்தப்படும்போதும் அடையாளம் காண்பது இச்சமூகத்தின் பொறுப்பு. தமது அமைப்புகள் பொதுமக்களுக்கு இழைத்த வன்முறையை அதே அளவுகோலால் அளப்பதும் அப்பொறுப்பில் அடங்கும்.

ஐம்பது ஆண்டு ஆய்வுகள் அரசுகளுக்குச் சொல்வது ஏறத்தாழ இதுதான்: வன்முறைக்குத் திட்டமிடுபவரின் செயலைக் கவனியுங்கள், அவரை அறிந்த மக்கள் அஞ்சாமல் வந்து சொல்லும்படி அவர்களது நம்பிக்கையைக் காப்பாற்றுங்கள், குறைகளைப் பேசுவதற்கான அரசியல் வழியைத் திறந்து வையுங்கள். காத்தான்குடியின் மக்கள் எச்சரித்தபோது கேட்கப்படவில்லை. மன்னாரின் கவிஞர் வன்முறைக்கு எதிராக எழுதியது சரியாகப் படிக்கப்படவில்லை. இவ்விரண்டு தவறுகளும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை.